இரண்டு அஞ்சலாட்சிகளின் ரத்தம்

காயப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, ரத்தத்தைச் சுழற்றிப் பிளேட்லெட்டைப் பிரிக்கும் வேலையை நான் சொல்லித்தரப் போவதில்லை. பாதியை மிஷினே சொல்லிவிடும், மீதி ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். முப்பத்து நாலு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அதில் கடைசி ஆறு வருஷம், ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில். அங்கே நான் செய்த ஒரு தப்பையும், நான் பார்த்த ஒரு அதிசயத்தையும் சொல்கிறேன். இரண்டும் ஒரே பெண்ணின் காலில் நடந்தவை. தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற அஞ்சலாட்சி என்று ஒருத்தி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். விடிந்ததும் படகடியில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, தெருத்தெருவாக விற்று முடித்து, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறவள். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சியே செத்துப் போயிருந்தது. ஒரு நாள் செருப்புக்குள் கிளிஞ்சல் துண்டு ஒன்று புகுந்துகொண்டது. அது தெரியாமலே அன்றைக்கு முழுக்க அதன் மேல் நடந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது தரையில் ரத்தத்தைப் பார்த்து, "யாருக்குடி அடிபட்டுச்சு?" என்று நாத்தனாரைக் கேட்டாளாம்.

அந்தப் புண் ஒன்பது மாதம் ஆறவில்லை. எங்களிடம் வரும்போது, எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கவிழ்த்து எடுத்த தடம் மாதிரி உள்ளங்காலில் ஒரு பள்ளம். விளிம்பெல்லாம் தடித்து, வெளுத்து, சுருட்டிக்கொண்டு இருந்தது. வேறொரு இடத்தில் முன்பாதத்தை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் எங்களிடம் வந்தாள்.

"பாதி காலை வச்சிக்கினு நான் கூடையைத் தூக்க முடியுமாம்மா? நீயே சொல்லு" என்றாள் முதல் நாளே.

எங்கள் பிரிவுக்கு அப்போதுதான் ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். என் மூத்த மகள் வயது. நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, அதில் பிளேட்லெட்டை மட்டும் அடர்த்தியாகப் பிரித்து, அவர் புண்ணிலேயே வைக்கலாம் என்று ஆரம்பித்தவர் அவர்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. டெங்கு வந்தால் எல்லாரும் எண்ணிக்கை கேட்பார்களே, அந்த பிளேட்லெட்தான். ரத்தம் உறைவதற்கு உதவும் என்றுதான் நான் படித்திருந்தேன். ஒன்பது மாதமாக ரத்தமே வராத புண்ணில் அதை வைத்து என்ன ஆகப்போகிறது? என் முகத்தைப் பார்த்தே டாக்டர் புரிந்துகொண்டார்.

"சிஸ்டர், மதியம் சாப்பிட்டுட்டு என் ரூமுக்கு வாங்க. ஒண்ணு காட்டறேன்."

போனேன். கம்ப்யூட்டரில் ஒரு படம் ஓடியது. அவர் முன்னால் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் அவரே எடுத்தது. கண்ணாடித் தட்டில் தோலுக்கு அடியில் இருக்கிற செல்களை வளர்த்திருக்கிறார்கள். தட்டு முழுக்க நெருக்கமாக வளர்ந்ததும், நடுவில் ஒரு கோடு கீறிச் செல்களை அகற்றிவிடுகிறார்கள். அதுதான் அங்கே காயம். ஒரு நாள் முழுக்க நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து எடுத்த படங்களை அரை நிமிஷத்துக்குச் சுருக்கியிருந்தார்.

முதல் தட்டில் சும்மா திரவம் மட்டும். விளிம்பில் இருந்த செல்கள் அசைந்தன, அவ்வளவுதான். முக்கால்வாசி கோடு அப்படியே இருந்தது.

இரண்டாவது தட்டில் பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மாவைக் கொஞ்சம் விட்டிருந்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு விளிம்பில் இருந்த ஒரு செல் மெல்லிசாக ஒரு பாதத்தை நீட்டியது. பாதம் என்று நான்தான் சொல்கிறேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீட்டி, தடவிப் பார்த்து, பிடித்துக்கொண்டு, உடம்பை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையே திரும்பியது. நடு வழியில் ஒன்று நின்று, உருண்டை ஆகி, இரண்டாகப் பிரிந்து, இரண்டும் நடந்தன. கண்ணில்லை, காதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. இரண்டு கரையிலிருந்தும் வந்து நடுவில் தொட்டுக்கொண்டதும் நின்றுவிட்டன.

அதுவரை எத்தனை ஆயிரம் புண்ணைத் துடைத்திருப்பேன்! ஆறிய புண்ணைப் பார்த்திருக்கிறேன், ஆறுவதைப் பார்த்ததில்லை.

"பிளேட்லெட் இன்னா பண்ணுது டாக்டர் அதுங்கள?" என்றேன்.

"ஒண்ணும் கட்டறதில்ல சிஸ்டர். சேதி சொல்லுது. அடிபட்ட இடத்துல முதல்ல போய்ச் சேர்றது அதுதான். போனதும் தன்கிட்ட இருக்கிற மருந்து மாதிரி சாமானையெல்லாம் அவுத்துக் கொட்டிடும். அது கிடைச்ச செல் எல்லாம் வரும், பெருகும், புதுசா நார் பின்னும், சின்னச் சின்ன ரத்தக் குழாய் உள்ள நுழையும். ரொம்ப நாள் புண்ணுல அந்த சேதி நின்னு போயிருக்கும். செல்லுங்க அங்கதான் இருக்கும், ஆனா தூங்கிப் போயிருக்கும்."

மூன்றாவதாக ஒரு தட்டும் காட்டினார். அதில் பிளாஸ்மாவை அளவுக்கு மேல் விட்டிருந்தார்கள். செல்கள் பெருகவே இல்லை, சும்மா தட்டைப் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. "நல்லதுன்னு நிறைய ஊத்தினா இப்படித்தான்" என்று சொல்லிப் படத்தை நிறுத்தினார்.

மறுநாள் அஞ்சலாட்சிக்கு எனக்குத் தெரிந்த மாதிரி இதைச் சொன்னேன். உன் ரத்தத்தில் இருக்கிற துணுக்கு போய்ச் சேதி சொல்லும், அதைக் கேட்டுச் சதை எழுந்து வரும் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"படகு வந்துடுச்சின்னு ஒருத்தி கத்துவா. அவ சும்மா கத்துவா, அவ்ளோதான். நாங்க அத்தினி பேரும் கூடையைத் தூக்கினு ஓடுவோம். அதானம்மா?"

"அதேதான்" என்றேன். அதற்கப்புறம் அந்தப் பிரிவில் யாருக்கு விளக்கினாலும் அஞ்சலாட்சி சொன்னதைத்தான் நான் சொன்னேன்.

முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம். டாக்டர் செத்த சதையை எல்லாம் சீவி, விளிம்பைப் புது ரத்தம் கசியும் வரை சுத்தம் செய்தார். எலும்பில் சீழ் இல்லை என்று பார்த்துக்கொண்டார். அந்தக் காலை ஊன்றக் கூடாது என்று தனிச் செருப்பு கொடுத்தோம். பிறகுதான் ரத்தம் எடுத்து முதல் தடவை வைத்தோம். அடுத்த வாரம் இரண்டாவது தடவை. அதற்கடுத்து கட்டை அவிழ்த்தபோது, ஒன்பது மாதம் செத்த மாதிரி இருந்த விளிம்பில், வெள்ளைக்கும் ரோஜா நிறத்துக்கும் நடுவில் நூல் பருமனுக்கு ஒரு கோடு தெரிந்தது. புதுத் தோல். படத்தில் பார்த்தவர்கள் உள்ளே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லாமல் ரொம்ப நேரம் அதையே பார்த்தேன்.

இனித்தான் என் தப்பு.

வியாழக்கிழமைகளில்தான் இந்த வேலையை வைத்துக்கொள்வோம். மூன்றாவது வியாழன் அன்று ஒரு நர்ஸ் லீவு. காலையில் கரண்ட் ஏறி இறங்கி மிஷின் நின்று நின்று ஓடியது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அன்றைக்கு பாகூர் பக்கத்திலிருந்து இன்னொரு பெண்ணும் வந்திருந்தார். நடவு வேலைக்குப் போகிறவர், கணுக்காலுக்கு மேலே நாள்பட்ட புண். அவர் பேரும் அஞ்சலாட்சி. நம் பக்கத்தில் அந்தப் பேர் தெருவுக்கு ஒன்று இருக்கும், உங்களுக்கே தெரியும்.

குழாயில் பேரும் ஓ.பி. நம்பரும் எழுத வேண்டும். நான் பேரை மட்டும் எழுதினேன். நம்பரைச் சுழற்றி எடுத்ததும் எழுதிக்கொள்ளலாம், எது யாருடையது என்று எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். முப்பது வருஷ அனுபவம் அப்படி நினைக்க வைத்தது. மிஷின் நடுவில் ஒருமுறை நின்றபோது யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தேன். வந்து, பிரித்து, இரண்டு சிரிஞ்சில் எடுத்து, ஒன்றை டாக்டர் கையில் கொடுத்தேன். மீன்கார அஞ்சலாட்சி படுத்திருக்கிறாள், கட்டு அவிழ்த்துப் புண் திறந்திருக்கிறது. டாக்டர் சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காற்றுக் குமிழி பார்த்தார். அப்போது நானும் பார்த்தேன். பிளாஸ்மா கலங்கலாக, பால் கலந்த மாதிரி இருந்தது. போன இரண்டு தடவையும் அவளுடையது தெளிந்த மஞ்சளாக இருந்தது.

கொழுப்பாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அப்படிக் கலங்கும். அதனால் கேட்டேன். "காலைல இன்னா சாப்ட்ட அஞ்சலாட்சி?"

"நேத்து சங்கராக் கொழம்பு இருந்துச்சி. இட்லி."

நல்ல எண்ணெய் விட்ட குழம்பு. இருக்கலாம். மறுபடி குழாய்களை எட்டிப் பார்த்தேன். இரண்டிலும் என் கையெழுத்தில் ஒரே பேர். எதை முதலில் வைத்தேன், எதை இரண்டாவதாக எடுத்தேன் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மிஷின் நின்ற இடத்தில் எல்லாம் அறுந்து போனது.

அந்த நேரத்தில் என் மனசு என்னென்ன சொன்னது என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு இது அவளுடையதாகத்தான் இருக்கும் என்றது. கலங்கியதற்கு மீன் குழம்பு போதும் என்றது. இருபது பேர் காத்திருக்கிறார்கள், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்றது. ஆனால் ஒன்று மட்டும் குறுக்கே நின்றது. அவரவர் ரத்தம் அவரவருக்கே என்பதால், ரத்த வங்கியில் செய்கிற நோய்ப் பரிசோதனை எதையும் நாங்கள் இதற்குச் செய்வதில்லை. ஒருவருடைய ரத்தத்தை இன்னொருவரின் திறந்த புண்ணில் வைத்தால் கூடவே என்ன போகும் என்று யாருக்கும் தெரியாது.

டாக்டர் குனிந்துவிட்டார்.

"டாக்டர், வைக்காதீங்க."

நிமிர்ந்தார். "என்ன சிஸ்டர்?"

"அது யாருதுன்னு எனக்குத் தெரியல. நம்பர் எழுதல. ரெண்டு பேரும் அஞ்சலாட்சி."

அவர் சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். இரண்டு பேருடைய கேஸ் ஷீட்டையும் எடுத்து ரத்தப் பிரிவைப் பார்த்தார். வேறு வேறு பிரிவாக இருந்திருந்தால் குழாயில் மிஞ்சிய ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்திருக்கலாம். இரண்டு பேரும் ஓ பாசிட்டிவ்.

"ரெண்டையும் கொட்டிடுங்க" என்றார். திட்டவில்லை. "நோயாளிங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

"நான்தான் சொல்லணும்" என்றேன்.

பாகூர் அஞ்சலாட்சியிடம் முதலில் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மற்ற கையை நீட்டினார். "இதுல எடுத்துக்கம்மா. வெயிலுக்கு முன்ன பஸ்ஸைப் புடிக்கணும்." அவ்வளவுதான்.

மீன்கார அஞ்சலாட்சி அப்படி விடவில்லை. "கொட்டிட்டியா? என் ரத்தத்தையா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மறுபடி எடுக்கப் பார்த்தேன். நரம்பு அகப்படவில்லை. மூன்று இடத்தில் குத்தினேன். மூன்றாவது குத்தில் கையை இழுத்துக்கொண்டாள்.

"போதும்மா. என் ரத்தம் இன்னா கொழாத் தண்ணியா? நீ தொறந்து தொறந்து ஊத்தறதுக்கு?"

புதுக் கட்டுப் போட்டு, வீட்டில் மாற்றிக்கொள்ளத் துணியும் மருந்தும் கொடுத்து அனுப்பினோம். வாசலில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வியாழன் அவள் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. கொடுத்திருந்த போன் நம்பருக்குப் போட்டால் யாரும் எடுக்கவில்லை. அந்தப் பள்ளம் மறுபடி சீழ் பிடித்திருக்கும், வேறு எங்காவது போய்க் காலை எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தூக்கம் போனது. நான் ஒரு நம்பரை எழுதாததால் ஒருத்தியின் கால் போகிறது என்று கணவரிடம் சொன்னேன். "இங்க உக்காந்து சொன்னா? போய்ப் பாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். என் வீடு இருக்கும் முத்தியால்பேட்டையிலிருந்து வைத்திக்குப்பம் நடக்கிற தூரம்தான். படகுகள் கரையேறியிருந்தன. மீன் வாங்க வந்தவர்களின் ஸ்கூட்டர்கள் தெரு முழுக்க. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் அவளும் இருந்தாள், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல். காலை இன்னொரு கவிழ்த்த கூடையின் மேல் நீட்டி, அதன் மேல் துண்டைப் போட்டிருந்தாள். முதலில் நான் பார்த்தது அந்தப் பாதத்தைத்தான். முழுசாக இருந்தது.

"இன்னா நர்ஸம்மா, மீன் வாங்க வந்தியா?"

"உன் காலைப் பாக்க வந்தேன்."

"காலு இருக்குது. எங்கயும் போயிடல." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணு சொல்லு. அன்னைக்கு நீ வாயை மூடிக்கினு இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அந்த டாக்டரம்மாவுக்கு?"

"அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"சொல்லலன்னா, அடுத்த வாரம் உன் கட்டை அவுக்கும்போது உன் மூஞ்சியைப் பாக்க முடியாது என்னால" என்றேன்.

விலை கேட்டு நின்ற ஒருவருக்கு மீனை எடை போட்டுக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நான் கோவத்துல வராம இல்ல. நீ தப்பு பண்ற ஆளுன்னு தெரிஞ்சிபோச்சு. பண்ணா சொல்ற ஆளுன்னும் தெரிஞ்சிபோச்சு. ரெண்டையும் வச்சிக்கினு வரதா வேணாமான்னு ரோசனை பண்ணினே இருந்தேன்." பிறகு துண்டை விலக்கினாள். "பாரு. இவதான் தெனம் கட்டு மாத்தறா. நான் காலைக் கீழ வைக்கல. கூடையை இவதான் தூக்கினு போறா." பக்கத்தில் நாத்தனார் தலையாட்டினாள்.

ஒரு படகின் நிழலுக்கு அவளைப் பிடித்துக் கூட்டிப்போய், கையைக் கழுவிக்கொண்டு, பையில் கொண்டுபோயிருந்த கையுறையைப் போட்டுக் கட்டை அவிழ்த்தேன். சீழைத்தான் எதிர்பார்த்தேன். மூக்குகூட அதற்குத் தயாராக இருந்தது.

பள்ளம் இல்லை. உள்ளேயிருந்து சிவப்பாக, ஈரமாக, மணி மணியாகச் சதை எழும்பி மட்டத்துக்கு வந்திருந்தது. நாலு பக்கமும் புதுத் தோல் அதன் மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு வேப்பங்கொட்டை அளவுதான் மிச்சம். நாங்கள் மூன்றாவது தடவை எதையும் வைக்கவில்லை. யாரும் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் அந்தப் பதினேழு நாளும், அவள் மீன் விற்றபோதும் தூங்கியபோதும், நான் விடிய விடியப் புரண்டபோதும், உள்ளே அந்தச் செல்கள் நடந்துகொண்டே இருந்திருக்கின்றன. ஒரு தரம் சேதி கிடைத்ததும் நிற்கவில்லை. மணலில் முட்டி போட்டபடி அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாம்மா? கெட்டுப் போச்சா?" என்று அவள் பதறினாள்.

"இல்ல. வந்துட்டாங்க எல்லாரும்" என்றேன்.

திங்கட்கிழமை அவளே ஆட்டோவில் வந்து இறங்கினாள். டாக்டர் பார்த்தார், அளந்தார். மூன்றாவது தடவை வைக்கலாமா என்று நான் கேட்டேன். "வேணாம் சிஸ்டர். தானா நடக்குது. ஏன் தள்ளணும்?" என்றார். நான் உற்சாகத்தில், பிளேட்லெட் காலைக் காப்பாற்றிவிட்டது என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தனியாகக் கூப்பிட்டார். "சுத்தம் பண்ணோம், சர்க்கரையைக் குறைச்சோம், அவங்க காலைக் கீழ வைக்கல, அவங்க நாத்தனார் தினம் கட்டு மாத்தினாங்க, பிளாஸ்மாவும் வச்சோம். இதுல எது எவ்வளவு பண்ணிச்சுன்னு எனக்கே தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நோயாளிகிட்டச் சொல்லாதீங்க."

அவர் சொன்னதற்குச் சாட்சி கண்ணெதிரிலேயே இருந்தது. பாகூர் அஞ்சலாட்சிக்கு மூன்று தடவை, நம்பர் எழுதி, சரியாக வைத்தோம். புண் பாதியாகக் குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. சேற்றில் நிற்கிற வேலை, வீங்கிய நரம்பு. அவரை ரத்தக் குழாய் ஆபரேஷனுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் இறுக்கிக் கட்டுப் போட்டுத்தான் ஆறவைத்தோம். அன்றைக்குக் கொட்டிய இரண்டு சிரிஞ்சில் எது யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வியாழனுக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ரத்தம் எடுத்ததும், நோயாளி அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதே நம்பரை எழுதி, குழாயை அவர் கையில் கொடுத்து, பேர், வீட்டுக்காரர் பேர், ஊர் எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லக் கேட்டுத்தான் திரும்ப வாங்குவேன். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. நீங்களும் செய்யுங்கள். சந்தேகம் வந்துவிட்டால், சிரிஞ்சு புண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அப்போது குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

மீன்கார அஞ்சலாட்சியின் புண் முழுசாக மூடியது ஒரு செவ்வாய்க்கிழமை. கட்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தேன், இன்னொரு தடவை விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். அவளுக்கோ தன் உள்ளங்காலைப் பார்க்க உடம்பு வளையாது, அங்கே தொட்டாலும் தெரியாது. கட்டிலில் படுத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடிக்கிச்சாம்மா?"

அவளை எழுப்பி உட்கார வைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை அவள் பக்கமாகத் திருப்பினேன். அவள் கை விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

விரலை மெதுவாக ஓட்டினாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும். திரும்பவும் ஒரு தரம். மீன் செதில் சீவிச் சீவிக் காய்த்துப்போன விரல் அது.

"வழவழன்னு இருக்குதும்மா" என்றாள். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "பொறந்த கொழந்தைக்கு இருக்குமே, அந்த மாதிரி."

வெளியே அடுத்தவரின் பேரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் விரலை எடுக்கும் வரைக்கும் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.